வானம் பார்த்த பூமியின் கடல்வழி

துருக்கியின் தென்மேற்குக் கரையில் காஷ் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. அதற்கு எதிரே, கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காஸ்டெலோரிசோ தீவு. தீவு கிரேக்க நாட்டுக்குச் சொந்தம். துருக்கியர் அதை மெயிஸ் என்பார்கள். இரு கரைகளும் நெருங்கும் இடத்தில் நடுவே இரண்டு கிலோமீட்டர் கடல்தான். கிரேக்கத்தின் பெரிய தீவான ரோட்ஸோ நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே தள்ளிக் கிடக்கிறது. தீவில் இருப்பது சில நூறு பேர். காஷில் வெள்ளிக்கிழமை சந்தை கூடுகிறது. தக்காளியும் கீரையும் பழமும் வாங்கத் தீவுக்காரர்கள் படகேறி அங்கே வந்துபோகிறார்கள். துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. இறங்கும்போது கடவுச்சீட்டைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். கிரேக்கமும் துருக்கியும் நூறாண்டுகளாக ஒன்றையொன்று நம்பாத நாடுகள். கடல் எல்லை, வான் எல்லை, தீவுகளில் படை வைப்பது என்று எதிலும் அவற்றுக்கு ஒத்த கருத்து கிடையாது. ஆனாலும் படகு நிற்கவில்லை.

நரிக்குடியைப் பற்றிய கட்டுரையை அங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, திருச்சுழியைத் தாண்டி, கண்மாய்க்கரையும் மிளகாய்த் தோட்டமும் சீமைக்கருவேலங்காடுமாகக் கிடக்கும் வானம் பார்த்த பூமி அது. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் கண்மாய் வெடித்துவிடும். கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் அந்த வருஷத்தைத் தள்ள வேண்டும். இந்த ஊரைக் கடலோடு சேர்த்து இன்று யாரும் பேசுவதில்லை. ஆனால் மதுரையிலிருந்து வரும் கிருதுமால் நதி இந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் குண்டாற்றில் சேர்கிறது. குண்டாறு மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் விழுகிறது. 1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் 1985 வரை நரிக்குடி இருந்தது. தனுஷ்கோடி எந்த மாவட்டமோ அந்த மாவட்டம். நேர்கோட்டில் அளந்தால் தலைமன்னார் இங்கிருந்து ஏறக்குறைய 165 கிலோமீட்டர். சென்னை அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

பாக் நீரிணை என்றவுடன் கச்சத்தீவும் மீனவர் கைதும் மட்டுமே நம் பேச்சில் வருகின்றன. இரண்டும் பெரிய விஷயங்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் பயணியே இல்லை. கையில் ஒரு மூட்டையோடு, கடலைத் தொழிலாகக் கொள்ளாமல், அக்கரைக்குப் போய்வந்த சாதாரண மனிதர் அதில் காணாமல் போய்விட்டார். அவர்களில் மிகப் பலர் மீனவர் அல்லர். நரிக்குடி, கமுதி, முதுகுளத்தூர் போன்ற வறண்ட உள்நாட்டு ஊர்க்காரர்கள். நாம் இழந்த பெரிய பொருள் தீவல்ல, போக்குவரத்து என்பது என் கருத்து.

இந்த மண்ணில் கடலை நோக்கி முதலில் பாதை போட்டது பக்தி. நரிக்குடியில் மருது சகோதரர்கள் பெயரால் அறியப்படும் பழைய சத்திரம் இராமேசுவரம் போகும் யாத்திரிகருக்காக எழுந்தது. சேதுபதிகளும் சிவகங்கை அரசர்களும் சேதுப் பாதை நெடுகச் சத்திரம் கட்டினார்கள். தண்ணீர் அருமையான சீமையில் நடந்துவருபவனுக்கு நிழலும் ஒருவேளைச் சோறும் கொடுப்பதைவிடப் பெரிய அறம் என்ன இருக்க முடியும்? தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வருபவர்கள் திருச்சுழி, நரிக்குடி, பார்த்திபனூர் வழியாக இராமநாதபுரத்தை அடைந்தார்கள். ஒரு செய்தியை இன்றைய யாத்திரிகர் மறந்துவிடுகிறார்: 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும்வரை இராமேசுவரம் போன ஒவ்வொருவரும் படகேறித்தான் போனார்கள். கண்மாயைத் தவிர வேறு நீர்ப்பரப்பைப் பார்த்திராத சம்சாரியும் மண்டபத்துக் கரையில் தோணிக்காரனை நம்பிக் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. ஆக, இந்தச் சீமையின் யாத்திரை பாதி நடை, பாதி கடல்.

சத்திரத்தோடு பெயர் சேர்ந்த மருது சகோதரர்கள் பிறந்ததும் இதே வட்டாரம்தான். நரிக்குடியை அடுத்த முக்குளத்தில் பெரிய மருது 1748இலும் சின்ன மருது 1753இலும் பிறந்தார்கள். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலிடப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அதன்பின் நடந்த கடற்பயணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சின்ன மருதுவின் மகன் துரைசாமியும், சிவகங்கை அரசர் வேங்கை பெரிய உடையாத் தேவரும், அவர்களோடு போராளிகளுமாக எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் போய்ச் சேர்ந்த இடம் பினாங்கு. அன்று அதன் பெயர் வேல்ஸ் இளவரசர் தீவு. கிட்டத்தட்ட இரண்டரை மாதப் பயணம். துரைசாமி அப்போது பதின்ம வயதுப் பையன். கும்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், போருக்கு முந்தைய நாட்களில் சின்ன மருதுவிடம் வேல் எறியவும் வளரி வீசவும் கற்றவர். அவர் 1818இல் பினாங்கு போனபோது துரைசாமியைச் சந்தித்தார். இளமையிலேயே முதுமை வந்துவிட்ட அந்த மனிதரை அவரால் முதலில் அடையாளம் காண முடியவில்லை. 1830இல் வெளிவந்த தம் இராணுவ நினைவுகளில் வெல்ஷ் இதை எழுதியிருக்கிறார். தமிழ் நாட்டுப்புறத்தின் கடல்கடத்தல் வரலாற்றை எழுதப் புகுபவர் கூலிக் கப்பலில் தொடங்குகிறார். எனக்கு அது இந்தக் கப்பலில் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது. திரும்பிவர முடியாத பயணம் எப்படி இருக்கும் என்பதை இந்தச் சீமை அங்கேதான் முதலில் கண்டது.

அடுத்து வந்த பயணத்துக்குப் பஞ்சம் காரணம். இலங்கை மலைநாட்டில் 1830களில் காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து மானாவாரி ஊர்களிலிருந்து ஆட்கள் போனார்கள். தொடக்கத்தில் காப்பி பறிக்கும் காலத்துக்குப் போய்த் திரும்புவதுதான் வழக்கம். இங்கே வெள்ளாமை வேலை இல்லாத மாதங்களில் அங்கே வேலை. 1869இல் இலைநோய் தலைகாட்டியது; காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் இந்த மண்ணைத் துடைத்தெடுத்தது. போனவர்கள் அங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் இலங்கைக்குப் போனார் என்று சொல்வதில்லை. கண்டிக்குப் போனார் என்பார்கள். நடுவில் கடல் இருந்தது அந்தப் பேச்சில் தெரியவே தெரியாது.

அந்தக் கடலைக் கடந்த விதம் எளிதாக இருக்கவில்லை. தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் போன்ற துறைகளில் ஆட்களைத் தோணியில் நெருக்கி ஏற்றி மன்னார்க் கரையில் இறக்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காட்டுவழி நடை. நீரில்லாத காடு, காய்ச்சல், காலரா. வழியில் விழுந்தவர்களின் கணக்கை யாரும் ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை. தோட்டத்துரைமார் பின்னாளில் பதிவேடு வைத்தார்கள், ஆனால் அது கடனுக்கான பதிவேடு. கங்காணி கொடுத்த முன்பணம், தோணிக் கூலி, வழிச்சோறு எல்லாம் ஆளின் தலையில் கடனாக ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அந்தக் கடன் ‘துண்டு’ என்ற சீட்டில் எழுதப்பட்டுக் கூடவே போனது.

1901இல் டின் டிக்கெட் வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த உலோக வில்லை அது. அதைக் கட்டிக்கொண்டவரை எந்தக் கட்டணமும் கேட்காமல் ரயிலும் கப்பலும் ஏற்றிச்செல்லும். செலவு தோட்டத்தின் கணக்கில் போய்ச் சேரும். 1904இல் இலங்கைத் தோட்டக்காரர்களின் தொழிலாளர் ஆணையம் திருச்சியில் அலுவலகம் திறந்தது. தூத்துக்குடி வழியாகக் கொழும்பு போகிறவர்களுக்குத் தட்டப்பாறையில் ஒரு முகாம். தனுஷ்கோடி வழி திறந்தபின் மண்டபத்தில் ஒரு முகாம். பிளேக், காலரா பயத்தால் ஆட்களை அங்கே சில நாள் தடுத்து வைத்து, மருத்துவச் சோதனை செய்து, துணிமணிகளைக் கொதிநீராவியில் வாட்டிய பிறகே கப்பலேற்றினார்கள்.

மண்டபம் முகாமின் கதையைத் தனி நூலாகவே எழுத வேண்டும். முதலில் அது போகிறவர்களுக்கான முகாம். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே வளாகம் திரும்பி வருகிறவர்களுக்கான முகாமானது. அதன்பின் தப்பி வருகிறவர்களுக்கானது. ஒரே குடும்பத்தில் பாட்டன் டின் வில்லையோடு அங்கே உட்கார்ந்திருக்க, மகன் ஒப்பந்தத் தாளோடும் பேரன் அகதி அட்டையோடும் அதே மண்ணில் உட்கார்ந்திருக்கலாம். மூன்று தலைமுறை மனிதர்களை மூன்று பெயர்களில் பதிவுசெய்த இடம் தமிழ்நாட்டில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

தனுஷ்கோடி வழியின் நல்ல காலத்தையும் சொல்ல வேண்டும். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த கையோடு தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கினால் போட் மெயிலில் தனுஷ்கோடித் துறைவரை ரயில், நடுவில் சுமார் 22 மைல் கப்பல், தலைமன்னார்த் துறையில் காத்திருக்கும் இலங்கை ரயிலில் கொழும்பு. கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்ற கப்பல்களும், பின்னால் இர்வின், கோஷன் என்பவையும் ஓடின. கடலில் இருப்பது இரண்டு மூன்று மணி நேரம்தான். உயர்வகுப்பில் துரைமாரும் வழக்கறிஞர்களும் போனார்கள், கீழே கூலிக்கூட்டம். ஆனால் அதே கப்பலில் யாழ்ப்பாணத்து மாணவர்களும், சிதம்பரம் தரிசனத்துக்கு வந்த குடும்பங்களும், நாடகக் குழுக்களும், புடவை வியாபாரிகளும் இருந்தார்கள். கல்யாணத்துக்குப் போவதும் சாவுக்குப் போவதும் முடிகிற காரியமாக இருந்தது. இறந்தவரின் பதினாறாம் நாளுக்குள் அக்கரையிலிருந்து அண்ணன் வந்துசேர்ந்துவிட முடியும் என்றால் அதுதான் போக்குவரத்து.

இது எப்படி முடிந்தது? 1939இல் தொழிலாளர் இலங்கை போவதற்கு இந்திய அரசு தடை விதித்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதர்களைப் பற்றிய உடன்படிக்கை ஒன்று இப்படியும் எழுதப்பட்டது என்பதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மனம் ஏற்க மறுக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம் நிறைவதற்குள், டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. துறையை நெருங்கிய பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. லட்சக்கணக்கானவர்களை அழைத்துவர வேண்டிய கப்பல்துறை அவர்கள் வருவதற்கு முன்பே இல்லாமல் போய்விட்டது. விருதுநகர்–மானாமதுரை ரயில்பாதை நரிக்குடி வழியாக முடிந்ததும் இதே 1963-64இல்தான். இராமேசுவரம் பாதையோடு இந்த ஊரை இணைக்கும் தண்டவாளம் வந்து சேர்ந்த சிறிது காலத்திலேயே அந்தப் பாதையின் மறுமுனை கடலுக்குள் போய்விட்டது.

கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. ‘இராமானுஜம்’ என்ற கப்பல் தலைமன்னாரிலிருந்து தாயகம் திரும்புவோரை ஏற்றி வந்தது. தாயகம் என்பது ஏட்டில்தான்; ஏறியவர்களில் மிகப் பலர் இலங்கையில் பிறந்தவர்கள். தகரப் பெட்டி, தையல் இயந்திரம், ஒரு கோழிக்கூடு என்று இறங்கி, பாட்டனார் சொன்ன ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு இந்தச் சீமைக்குள் வழி கேட்டு வந்தவர்கள் உண்டு. ஊரில் அவர்களுக்குச் ‘சிலோன்காரர் வீடு’ என்று பெயர் நின்றது. கண்மாய்ப் பாசனத்தில் பங்கு கிடையாது, காணி கிடையாது. பலர் நூற்பாலைக்கும் நீலகிரித் தேயிலைக்கும் நகர்ந்தார்கள். 1983 கலவரத்துக்குப் பின் இந்தக் கப்பலும் நின்றது. அதன்பிறகு இந்தக் கடலைக் கடந்தவர்கள் இரவில் கடந்தார்கள்.

இப்போது கிரேக்க, துருக்கிக் கரைகளுக்கு, அவற்றின் நடுவிலுள்ள ஈஜியன் கடலுக்குத் திரும்புவோம். அங்கும் இதே அளவு துயரம் உண்டு, அதை மறைத்துவிட்டு ஒப்பிடுவது நேர்மையாகாது. 1923 ஜனவரி 30 அன்று லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. அளவுகோல் மதம். சுமார் 12 லட்சம் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கும், நான்கு லட்சத்தை நெருங்கிய முஸ்லிம்கள் துருக்கிக்கும் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் ஒப்பந்தத்துக்கு முன்பே போரில் ஓடிவந்தவர்கள். அய்வாலிக் ஊரின் கிரேக்கர் எதிரே தெரியும் லெஸ்போஸ் தீவுக்குப் போனார்கள். அவர்களுடைய காலி வீடுகளில் கிரீட், லெஸ்போஸ் தீவுகளின் முஸ்லிம்கள் குடியேறினார்கள். துருக்கி மண்ணில் கிரேக்க மொழி பேசிய முஸ்லிம் பாட்டிகளும், கிரேக்க மண்ணில் துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறித்தவக் கிழவர்களும் கடைசிவரை அந்நியராகவே வாழ்ந்து முடித்தார்கள். நம்முடைய 1964 ஒப்பந்தத்தோடு இதைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், அரசுகள் மனிதரை எண்ணும் விதம் எங்கும் ஒன்றுதான் என்பது தெரிகிறது.

கச்சத்தீவைப் போன்ற ஒரு சிக்கலும் அவர்களுக்கு உண்டு. கிரேக்கர் இமியா என்றும் துருக்கியர் கார்டாக் என்றும் சொல்லும் இரண்டு சிறு பாறைத் திட்டுகள், ஆள் வாழாதவை. 1996 ஜனவரியில் அவற்றில் கொடி நாட்டும் போட்டியில் இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் எதிரெதிரே நின்றன. கிரேக்க ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து மூன்று அதிகாரிகள் இறந்தார்கள். போர் மயிரிழையில் தவிர்ந்தது. அந்தப் பாறைகள் யாருடையவை என்பது இன்றும் தீராத வழக்கு. ஆனால் அதற்காகப் போட்ரும்–கோஸ் படகையோ, செஷ்மே–கியோஸ் படகையோ, குஷாதாசி–சாமோஸ் படகையோ யாரும் நிரந்தரமாக மூடிவிடவில்லை. 1999 ஆகஸ்டில் துருக்கியின் இஸ்மித்திலும், செப்டம்பரில் ஏதென்ஸிலும் நிலநடுக்கம் வந்தபோது இரு நாட்டு மீட்புக் குழுக்களும் மாறிமாறி உதவிக்குப் போயின. உறவு இளகியது. 2024இல் கிரேக்கம் பத்துத் தீவுகளுக்கு ஒரு சலுகை கொடுத்தது: துருக்கிக் குடிமக்கள் தீவில் இறங்கியதும் அங்கேயே ஏழு நாள் விசா வாங்கிக்கொள்ளலாம், அந்தத் தீவுக்கு மட்டும் அது செல்லும். தூதரகத்து வரிசையில் மாதக்கணக்கில் நிற்க வேண்டாம். நாடுகளுக்கிடையே எதுவும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இஸ்மிரில் கடை வைத்திருப்பவர் வார இறுதியில் கியோஸ் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்.

நாற்பதாண்டு முன்வரை ஏழைக் கடலாக இருந்த அந்தக் கரை இன்று உலகப் பயணிகளின் கனவாகியிருப்பதும் எதேச்சையாக நடக்கவில்லை. 1925இல் செவாத் ஷாகிர் என்ற எழுத்தாளரைத் துருக்கி அரசு போட்ரும் ஊருக்குக் கட்டாயமாக அனுப்பிவைத்தது. தண்டனையாகக் கிடைத்த ஊரை அவர் நேசித்துவிட்டார். கடல்பஞ்சு குளிப்பவர்களின் படகுகளில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு வளைகுடா வளைகுடாவாகச் சுற்றினார். ரொட்டி, ஆலிவ், பிடித்த மீன் — அவ்வளவுதான் உணவு. ‘நீலப் பயணம்’ என்று பின்னால் புகழ்பெற்ற சுற்றுலா அந்தப் படகுகளில் பிறந்தது. குலெத் எனப்படும் இரண்டு பாய்மர மரக்கலங்கள் இன்று பயணிகளுக்கு அறையும் அடுப்பங்கரையும் வைத்துக் கட்டப்படுகின்றன. போட்ருமின் தச்சர்களுக்கு அதனால் வேலை நிலைத்தது. காஷுக்கு அருகே உலுபுருனில் கிடந்த கப்பலை 1982இல் ஒரு கடல்பஞ்சுக் குளிப்பாளர்தான் கண்டார். மூவாயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமை; பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், கண்ணாடிக் கட்டிகள், கருங்காலி மரம் என்று பல நாட்டுச் சரக்கு அதில் இருந்தது. மன்னார் வளைகுடாவில் நம் கீழக்கரைச் சலாபக்காரர்களும் இதே போல மூச்சடக்கிக் கடலடியை அறிந்தவர்கள். அவர்களின் அறிவு எங்கே போயிற்று என்று கேட்க ஒரு செவாத் ஷாகிர் நமக்குக் கிடைக்கவில்லை.

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படகு சாத்தியமா என்ற கேள்வி அங்கேதான் இருக்கிறது. ஈஜியனில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து மெல்டெமி வீசும். வானம் தெளிந்திருக்கும், கடல் கொந்தளிக்கும். சிறு படகுகள் தீவின் மறைவில் ஒதுங்கிவிடும். குளிர்காலத்தில் பல வழிகளில் படகு குறையும், சிலவற்றில் நின்றுவிடும். இதை அங்கே யாரும் தோல்வியாக எண்ணுவதில்லை. கால அட்டவணையே காற்றைப் பார்த்துத்தான் அச்சாகிறது. நம் பக்கம் இராமேசுவரத்து மீனவர் பாக் நீரிணையை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வைகாசி முதல் கச்சான் வீசும்போது தென்கடல் பொங்கும், வடகடல் அடங்கும். ஐப்பசியில் வாடை தொடங்கினால் வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கும். ஆண்டில் ஏழெட்டு மாதம் வடகடலில் சிறு கப்பல் ஓடத் தடையில்லை.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் தொடங்கப்பட்டபோது இந்தக் கணக்கைத்தான் யாரும் பார்க்கவில்லை. ‘செரியபாணி’ என்ற 150 பேர் கப்பலை வாடை எழும் நேரத்தில் இறக்கினார்கள். சில நாட்களில் நிறுத்த வேண்டியதாயிற்று. செய்தித்தாள்கள் பயணிகள் இல்லை என்று எழுதின. வரியோடு 7,670 ரூபாய் என்று அறிவித்த கட்டணத்தில் நாகை மாவட்டத்து விவசாயி எப்படி ஏறுவார்? 2024 ஆகஸ்ட் 16 அன்று தனியார் நிறுவனம் ஒன்று வேறு கப்பலை இறக்கியது, கட்டணமும் குறைந்தது. அந்தக் கப்பலின் பெயர் ‘சிவகங்கை’. 1802இல் சிவகங்கையின் அரசரையும் மருதுவின் மகனையும் இந்தக் கடல் கொண்டுபோனது. இப்போது அதே பெயர் தாங்கிய கப்பல் நான்கு மணி நேரத்தில் அக்கரை சேர்த்துத் திருப்பிக் கொண்டுவருகிறது. மழைக்காலத்தில் நிறுத்தி, பிப்ரவரியில் மறுபடி தொடங்கும் முறையும் வந்துவிட்டது. இந்தச் சேவை நிலைக்க வேண்டும் என்று முழு மனதோடு விரும்புகிறேன்.

ஆனால் நரிக்குடியிலிருந்து நாகப்பட்டினம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். இந்தச் சீமைக்கு இயல்பான வழி இராமேசுவரம்–தலைமன்னார்தான். 2011 ஜனவரியில் இரு அரசுகளும் செய்த கடல்வழிப் பயணி உடன்படிக்கையில் இந்த வழியும் இடம்பெற்றிருந்தது. தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் அந்த ஆண்டு ஜூனில் தொடங்கி நவம்பரில் நின்றது. தலைமன்னார்க் கப்பல் தொடங்கவே இல்லை. போரில் அழிந்த தலைமன்னார் ரயில்பாதையை இந்திய உதவியோடு திரும்பக் கட்டி 2015 மார்ச் 14 அன்று ரயிலும் விட்டாயிற்று. இக்கரையில் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. இரு பக்கமும் தண்டவாளம் கடற்கரைவரை வந்து நிற்கிறது. நடுவில் இல்லாதது கப்பல் மட்டும்.

கடத்தல் பெருகும், பாதுகாப்பு கெடும் என்பார்கள். தங்கமும் பீடி இலையும் மஞ்சளும் கப்பல் இல்லாத இந்தக் காலத்தில்தான் இரவுப் படகுகளில் போய்வந்தன என்பதை அன்றாடச் செய்தியே சொல்கிறது. சோதனைச்சாவடியுள்ள துறைமுகம் இருந்தால் கண்காணிப்பு கூடும், குறையாது. ஈஜியனிலும் அனுமதியில்லாதவர்களின் வழிதான் மரண வழியாக இருக்கிறது. 2015இல் எட்டரை லட்சம் பேர் துருக்கிக் கரையிலிருந்து ரப்பர் படகுகளில் கிரேக்கத் தீவுகளுக்கு வந்தார்கள். போட்ருமிலிருந்து கோஸ் தீவுக்குச் சில யூரோவுக்குக் கப்பல் போகும். சீட்டு வாங்க உரிமையில்லாத சிரியர்கள் அதைப்போல் பலமடங்கு பணத்தைத் தரகரிடம் கொடுத்து அதே நீரில் குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். 2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது மன்னார், யாழ்ப்பாணக் குடும்பங்களைப் படகோட்டிகள் அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். குடிக்கத் தண்ணீரின்றி, கைக்குழந்தைகளோடு, கடலோரக் காவல்படை வரும்வரை அவர்கள் அந்தத் திட்டில் நின்றார்கள்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா இதற்கு மாறான காட்சி. பரப்பு 285 ஏக்கர். 1974, 1976 ஒப்பந்தங்களுக்குப் பின் இலங்கையின் எல்லைக்குள் இருக்கிறது. கோயிலை எழுப்பியவர் நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி. ஆண்டுக்கொருமுறை மாசி, பங்குனியில் இரு கரை மக்களும் அங்கே கூடுகிறார்கள். போர் முடிந்தபின் விழா திரும்பவும் உயிர்பெற்றது. இந்திய யாத்திரிகருக்குக் கடவுச்சீட்டு வேண்டாம், விசா வேண்டாம். பெயர்ப் பட்டியலும் அடையாள அட்டையும் போதும். சிலுவைப்பாதை, தேர்ப்பவனி, காலைத் திருப்பலி முடிந்து அவரவர் படகேறித் திரும்புகிறார்கள். ஆண்டில் இரண்டு நாள் நடத்திக்காட்டும் இந்த ஏற்பாட்டை இரு அரசுகளும் பல காலமாகச் சிக்கலின்றி நடத்துகின்றன. கிரேக்கத்தின் ஏழு நாள் தீவு விசாவுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே: ஓர் இடத்துக்கு மட்டும், ஒரு காலத்துக்கு மட்டும், இறங்கும் இடத்திலேயே அனுமதி. மன்னார் மாவட்டத்துக்கும் இராமநாதபுரம் மாவட்டத்துக்கும் இதே முறையைப் பொருத்திப் பார்க்கலாம்: திருக்கேதீச்சரத்துக்கும் மடுமாதா கோயிலுக்கும் இங்கிருந்து, இராமேசுவரத்துக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் அங்கிருந்து.

இதில் முதல் உரிமை யாருக்கு என்றால், தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் இன்னும் இருக்கும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழருக்கு. திரும்ப விரும்புகிறவர் இன்று விமானத்தில் போகிறார். விமானம் அனுமதிக்கும் எடைக்குள் முப்பதாண்டுக் குடும்பத்தை அடைக்க வேண்டியிருக்கிறது. திரும்ப விரும்பாதவருக்கும் அக்கரையில் தாயோ தங்கையோ இருக்கிறார்கள். கப்பல் என்றால் கட்டிலும் பாத்திரமும் தையல் இயந்திரமும் கூடவே போகும். போய்ப் பார்த்துவிட்டு, வீட்டுக்கூரை நிற்கிறதா, கிணறு தூர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொண்டு, மறுவாரம் திரும்பி வந்து குடும்பத்தோடு கலந்துபேசி முடிவெடுக்கவும் முடியும். இப்போதைய ஏற்பாட்டில் அந்த நடுவழி இல்லை: போனால் போனதுதான். நரிக்குடிச் சீமையின் சிலோன்காரர் வீடுகளிலும், அட்டனிலும் நுவரெலியாவிலும் தங்கிவிட்ட பங்காளிகளின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுபது, எண்பது வயது. தலைமன்னார்த் துறைக்கு ஒரு சுங்க அறையும், இராமேசுவரத்துக்கு ஆழம் குறைந்த நீரில் ஓடும் சிறு கப்பலும், மாசியிலிருந்து புரட்டாசிவரை ஒரு கால அட்டவணையும் அவர்கள் காலத்துக்குள் வந்தாக வேண்டும்.